நாற்பத்தொன்றாவது வியாழன்

ஏசி என் தலைக்கு நேர் மேலே ஊதுகிறது. இதைவிட நல்ல இடம் கிடைக்கவில்லையா என்றால் கிடைத்தது. இரண்டாவது வரிசையில், பேராசிரியர்களுக்குப் பின்னால், ஒரு நாற்காலியில் தன் கைப்பையை வைத்து எனக்காகப் பிடித்துவைத்திருந்தாள் செண்பகவல்லி. நான்தான் இருமல் என்று சாக்குச் சொல்லிக் கடைசி வரிசைக்கு வந்துவிட்டேன். இருமல் கிடையாது. சொன்னதற்காக இரண்டு தடவை இருமினேன், இப்போது உண்மையாகவே தொண்டை அரிக்கிறது. பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடைக்காது என்பார்கள். இங்கே வராந்தாவில் சமோசாவும் கேசரியும் மூடித் தயாராக இருக்கின்றன, எண்ணெய் வாசனை கதவிடுக்கு வழியாக வருகிறது. மணி பதினொன்று பத்து. மேடையில் அவள் நீலப் பட்டுப்புடவையில் நிற்கிறாள். ஏழு வருடம் செய்த ஆராய்ச்சியை நாற்பத்தைந்து நிமிடத்தில் சொல்வாள், சொன்னதும் கேள்வி கேட்பார்கள், கேள்வி முடிந்ததும் டாக்டர் என்று கூப்பிடுவார்கள். வைவா என்றால் அவ்வளவுதான். கூட்டம் தெரிய வேண்டும் என்று எம்.எஸ்ஸி. பிள்ளைகளை வகுப்பிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்து உட்காரவைத்திருக்கிறார்கள், பதிவேட்டில் இத்தனை கையெழுத்து என்று இருக்கிறதே. நானும் போட்டேன். எஸ். ஞானதுரை, திட்ட உதவியாளர். கையெழுத்து கோணிப்போய்விட்டது. அந்தக் கோணலைப் பார்த்தே யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று ஒரு நொடி பயந்தேன். என்னத்தைக் கண்டுபிடிப்பது? இவள் ஆய்வேட்டில் இருக்கிற ஒரு கிரகம் வானத்தில் இல்லை என்பதை. அது நான் செய்து வைத்த போலி என்பதை. திங்கட்கிழமையிலிருந்து இது எனக்கு மட்டும் தெரியும். இன்றைக்கு நாலாவது நாள்.

"நம்ம வியாழன் சூரியனைச் சுத்த பன்னண்டு வருஷம் எடுத்துக்குது," என்று ஆரம்பிக்கிறாள். குரல் நன்றாக வருகிறது. ஒத்திகையில் இந்த இடத்தில் எப்போதும் தடுமாறுவாள். "ஆனா சில நட்சத்திரங்கள்ல அதே அளவு கிரகம் மூணு நாளுல, நாலு நாளுல ஒரு சுத்து முடிச்சிடுது. அவ்வளவு கிட்ட இருக்கு." முன் வரிசையில் அவள் அம்மா குருவம்மாள் தலையாட்டுகிறாள், புரிந்த மாதிரி. கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸில் முப்பது வருடம் குச்சி அடுக்கிய அம்மாள். காலையில் என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "இவளுக்கு வியாழ நோக்கம் எப்ப வருதுன்னு நான் சோசியக்காரன்ட்ட அலையுதேன் தம்பி, இவ என்னடான்னா நாலு நாளைக்கு ஒருக்கா சுத்துற வியாழனப் பிடிச்சு வச்சிருக்கா." நான் சிரித்தேன். சிரிக்கத்தான் வேண்டும், நல்ல பேச்சுதானே. பிடித்து வைத்திருக்கிறாள். எதை? சிரித்த வாயை மூட மறந்து நின்றிருந்தேன் போல, அம்மாள் "பசிக்கா தம்பி?" என்றாள். இப்போது திரையில் அட்டவணை வந்துவிட்டது, இந்த அட்டவணையைக் கனவில்கூடச் சொல்வேன். நாலு வரிசை, நாலு ரக நட்சத்திரம். சூரியன் மாதிரியானவற்றில் இருநூற்றுக்கு ஒன்றோ நூற்றுக்கு ஒன்றோ இப்படிக் கிட்டத்தில் சுற்றும் பெருங்கிரகம் இருக்கும். இரும்புச்சத்து கூடிய நட்சத்திரம் என்றால் எண்ணிக்கை ஏறும். சின்னச் சிவப்பு நட்சத்திரங்களில் அபூர்வம். நாலாவது வரிசை, இரும்பே இல்லாத வயசான நட்சத்திரங்கள். அங்கே கிரகம் உருவாகவே சரக்கு போதாது, பூஜ்யம் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். எங்கள் பட்டியலில் அப்படி ஆறாயிரத்துச் சொச்சம். அந்த வரிசையில் அவள் கண்டது ஒன்று. ஒன்றே ஒன்று. மற்ற மூன்று வரிசைகளில் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் யாருக்கும் ஒன்றுமில்லை. நாலாவதில் மட்டும் அந்த ஒன்றை எடுத்துவிட்டால் ஆய்வேட்டின் தலைப்பே போய்விடும். அட்டவணையில் மற்ற எண்கள் கறுப்பு, அந்த ஒன்று மட்டும் சிவப்பு. நிறத்தை நான்தான் போடச் சொன்னேன், போன வருடம், எடுப்பாகத் தெரியட்டும் என்று. இப்போது அந்தச் சிவப்பைப் பார்க்க முடியாமல் முன்னால் உட்கார்ந்திருக்கும் பையனின் சட்டைக் காலரைப் பார்க்கிறேன். காலரில் சலவைக்காரர் போட்ட குறி. மூன்று புள்ளி ஒரு கோடு. இரண்டு தடவை எண்ணிவிட்டேன்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு, வெளி ஆட்களிடம் சொன்னால் பைத்தியக்காரத்தனம் என்பார்கள். நட்சத்திரத்துக்கு முன்னால் கிரகம் கடந்து போனால் வெளிச்சம் நூற்றில் ஒரு பங்கு குறையும். அந்தப் பள்ளத்தைத் தேடுவதுதான் பிழைப்பு. தேடியதில் எத்தனை கிடைத்தது என்று சொன்னால் மட்டும் போதாது, எத்தனையைக் கோட்டைவிட்டோம் என்றும் தெரிந்தால்தான் மொத்தம் எத்தனை இருக்கும் என்று சொல்ல முடியும். வலையில் கிழிசல் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் நாமே எண்ணி நாற்பது மீனை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். அதற்காக ஒருவன் கணக்கில் போலிப் பள்ளங்களை நட்டு வைப்பான். தேடுகிற ஆளுக்கு எது நிஜம் எது நட்டது என்று தெரியக் கூடாது. நடுகிறவன் பட்டியலை உறையில் போட்டு ஒட்டி, ஆராய்ச்சியை மேற்பார்க்கும் கைடின் பீரோவில் வைத்துவிடுவான். தேடி முடித்த பிறகு உறையைப் பிரித்து, நட்டதையெல்லாம் கழித்தால் மிஞ்சுவது வானத்தினுடையது. நடுகிறவன் நான். ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு வாரம் உட்கார்ந்து நாற்பத்தொரு நட்சத்திரங்களில் நட்டேன், ஒவ்வொன்றும் வேறே ஆழம், வேறே நாள் கணக்கு. எவ்வளவு ரசித்துச் செய்தேன்! பள்ளத்தின் ஓரத்தை லேசாக வளைத்துவிடுவேன், நிஜத்தில் அப்படித்தான் இருக்கும். யாருக்கும் தெரியாத வேலையைத்தான் மனிதன் இவ்வளவு சிரத்தையாகச் செய்வானோ என்னவோ. பிறகு பட்டியலைச் சுத்தம் செய்தேன். அங்கேதான். இரண்டு வரிகள் ஏறக்குறைய ஒரே இடத்தைக் காட்டின. ஒரே நட்சத்திரத்தைத் தெரியாமல் இரண்டு தடவை எழுதிவிட்டேன் என்று நினைத்து ஒரு வரியை அழித்தேன். ஒரே நட்சத்திரம் இல்லை. பக்கத்துப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டாற்போல் இரண்டு. அழித்த வரியிலிருந்தது இரும்பில்லாத கிழட்டு நட்சத்திரம். நாற்பத்தொன்று நாற்பதாயிற்று. கணக்கும் அழகாக முழு எண்ணாக வந்ததே என்று எனக்குச் சந்தோஷம்கூட. இந்தத் திங்கட்கிழமை என் பழைய கம்ப்யூட்டரைக் கழித்துப்போடச் சொன்னார்கள் என்று உள்ளேயிருந்ததையெல்லாம் பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன். எந்த நட்சத்திரத்தில் எப்போது நட்டேன் என்று அது தானாக எழுதி வைத்திருந்த குறிப்பு கண்ணில் பட்டது. நாற்பத்தொரு வரி. முதலில் சிரித்தேன், ஒன்றைக் கூடுதலாக எழுதியிருக்கிறது பார் என்று. அப்புறம் அந்த எண்ணைப் படித்தேன். தொலைநோக்கி எடுத்த மூலப் படங்களிலிருந்து அந்த நட்சத்திரத்தின் வெளிச்சத்தை மறுபடி அளந்து பார்த்தேன். பள்ளம் கிள்ளம் ஒன்றுமில்லை. நேர்க்கோடு. நேர்க்கோடு மாதிரி ஒரு பயங்கரம் உலகத்தில் கிடையாது.

அன்றைக்குத் தெரியாதா உனக்கு? இதுதான் திரும்பத் திரும்ப வந்து நிற்கிறது, விலக்கிவிட்டாலும் ஈ மாதிரி அதே இடத்தில் வந்து உட்காருகிறது. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் சாயங்காலம் நாலு மணிக்கு அவள் லேப்டாப்பைத் திறந்தபடியே ஓடி வந்தாள், இன்னொரு கையில் கேன்டீன் வாழைக்காய் பஜ்ஜி, பாதி கடித்தது. "துரைண்ணே, இதப் பாருங்க, இதப் பாருங்க." பார்த்தேன். நல்ல பள்ளம். ஓரம் லேசாக வளைந்து, அடி தட்டையாக, அழகாக இருந்தது. நம் கைவேலை மாதிரி இருக்கிறதே என்று நினைத்தேன். நினைத்தேனா? நினைத்தேன். கர்த்தர் அறிய நினைத்தேன். உடனே, சேச்சே, கிழட்டு நட்சத்திரம் ஒன்றில் நட்ட ஞாபகம் இல்லையே என்று இன்னொரு நினைப்பு வந்து முதல் நினைப்பை மூடிவிட்டது. எழுந்து என் கம்ப்யூட்டருக்குள்ளேயே தேடிப் பார்த்திருக்கலாம், இரண்டு நிமிட வேலை. அவள் முகத்தைப் பார்த்தேன், கம்ப்யூட்டரைத் திறக்காமல் விட்டேன். அவளுக்கு அப்போது நாலாவது வருடம், உதவித்தொகை நின்றிருந்தது, நிச்சயம் பண்ணிய மாப்பிள்ளை வீட்டார் இன்னும் எத்தனை வருடம் படிப்பாள் என்று கேட்டு விலகிக்கொண்டிருந்தார்கள், அப்பா போய் ஒரு வருடம். அவளுக்கு ஒன்று கிடைக்கட்டுமே என்று நினைத்தேனா? அப்படி நினைத்திருந்தால் நான் நல்லவனா, அயோக்கியனா? தெரியவில்லை, உண்மையாகவே தெரியவில்லை. ஆனால் உறை பிரித்த அன்றைக்கு எனக்கு எதுவும் தெரியாது. அது நிச்சயம். அதுவாவது நிச்சயமாக இருக்கட்டும். கைடு தணிகாசலம் சார் பீரோவிலிருந்து உறையை எடுத்து வந்தார், சூடம் காட்டாத குறை. நான் ஒவ்வொரு எண்ணாக வாசித்தேன், அவள் ஒவ்வொன்றாக அடித்தாள். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. அந்த ஒன்று அடிபடாமல் நின்றது. சார் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அவள் மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். முதலில் கைதட்டியது நான். கை சிவக்கத் தட்டினேன்.

"பெருசா ஒரு கிரகம் இவ்வளவு கிட்ட பிறக்க முடியாது சார்," என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். "தூரத்துல பிறந்து உள்ள வந்திருக்கணும். வர்ற வழியில சின்னக் கிரகங்களத் தள்ளிவிட்டுட்டு வந்திருக்கலாம்." இந்த இடம் வந்தால் கேட்கிறவர்களுக்கு ஒரு தத்துவம் தோன்றும், பெரியவர்கள் கிட்டே வந்தால் சின்னவர்கள் அழிவார்கள் என்று யாராவது ஒரு தமிழ்த்துறைப் பேராசிரியர் சொல்லிவிடுவார். எனக்கு எரிச்சலாக வரும். கிரகத்துக்கு என்ன தெரியும், கல்லும் வாயுவும். தள்ளிவிடுகிறதெல்லாம் நாம்தான். அவள் இந்தப் பக்கம் பார்க்கிறாள். பேச்சு தொடங்கியதிலிருந்து நாலைந்து தடவை கடைசி வரிசையைப் பார்த்துவிட்டாள். தைரியத்துக்குப் பார்க்கிறாள். ஒத்திகைக்கு நான்தான் எதிரே உட்காருவேன், பழக்கம். நான் தலையாட்டுகிறேன். என் தலைக்கு வெட்கமே இல்லை. திங்கட்கிழமை சாயங்காலமே சொல்லியிருக்கலாம். கைடின் அறை வாசல் வரை போனேன், உள்ளே அவர் போனில் யாரிடமோ "ஆமா, நம்ம பொண்ணுதான், அடுத்த மாசம் ஜெர்மனி போறா" என்று சொல்லிக்கொண்டிருந்தார், திரும்பிவிட்டேன். செவ்வாய்க்கிழமை அவள் அம்மா ரயிலேறிவிட்டாள் என்று தெரிந்தது. புதன்கிழமை காரணம்கூடத் தேடவில்லை. சொன்னால் என்ன ஆகும்? பட்டம் நின்றுபோகும். ஆராய்ச்சி இதழில் வந்த கட்டுரையைத் திரும்ப வாங்க வேண்டும். ஜெர்மனியில் அவளுக்குக் கிடைத்திருக்கும் வேலையே இந்தக் கிரகத்தை எடை போடத்தான், பெரிய தொலைநோக்கியில் நாலு நாள் ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். இல்லாத கிரகத்தை எடை போட யார் விசா கொடுப்பார்கள்? சொல்லாவிட்டால் என்ன ஆகும்? ஏப்ரலில் அந்தப் பெரிய தொலைநோக்கி திரும்பும், கிரகம் இருந்தால் அதன் இழுப்பில் ஆட வேண்டிய நட்சத்திரம் ஆடாமல் அசையாமல் நிற்கும், ஏமாற்றுப் பள்ளம் என்று எழுதி மூடுவார்கள். இந்தத் துறையில் அப்படி நடப்பது சகஜம், யாரையும் தூக்கில் போட மாட்டார்கள். அவள் அதற்குள் டாக்டர். குறிப்பை நான் அழித்துவிட்டால் ஆயிற்று. பார், எவ்வளவு சுளுவாக வழி தெரிகிறது. ஆனால் போன வாரம் போலந்திலிருந்து ஒரு பெண் கடிதம் எழுதியிருந்தாள், இரும்பில்லாத நட்சத்திரங்களில் கிரகம் எப்படி உருவாயிற்று என்பதையே தன் ஆராய்ச்சியாக எடுத்திருக்கிறாளாம், உங்கள் முடிவைப் பார்த்துத்தான் எடுத்தேன், இன்னும் விவரம் அனுப்ப முடியுமா என்று. அவளுக்கும் ஒரு அம்மா இருப்பாள். அதோடு நிற்கவில்லை இது. கிரகத்தின் பாதை நம் பார்வைக்கு நேராக இருந்தால்தான் பள்ளம் தெரியும், அப்படி இருப்பது பத்தில் ஒன்று. ஒன்றைக் கண்டால் பத்து இருக்கிறது என்று பெருக்குவோம். அதை இந்த ரக நட்சத்திரங்கள் அத்தனைக்கும் பெருக்கினாள் அவள், ஆறாவது அத்தியாயத்தில். நான் ஒரு வரியை அழித்ததில் பால்வெளி முழுக்கக் கோடிக்கணக்கில் கிரகங்கள் பிறந்துவிட்டன. ஒன்றும் இல்லாத இடத்தில்.

எழுந்து சொல்லிவிடு. சொல்லிவிடலாம். கால் தயாராகத்தான் இருக்கிறது, முழங்காலில் கையை வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் யார் எழுந்து சொல்லப்போவது? பதினான்கு வருடத்துக்கு முன்னால் இதே கைடிடம் பிஎச்.டி.க்குப் பதிவு செய்து, மூன்றாவது வருடம் விட்டுவிட்டு, திட்ட உதவியாளர் என்று வருடா வருடம் கெஞ்சிப் புதுப்பித்துக்கொள்கிற ஞானதுரை. எனக்குப் பின்னால் வந்த ஆறு பேர் இதே மேடையில் டாக்டர் ஆகிவிட்டார்கள், ஆறு பேருக்கும் நான்தான் மைக் சரிபார்த்தேன், ஆறு கேசரி சாப்பிட்டேன். ஏழாவது ஆள் பட்டம் வாங்கும் நேரத்தில் எழுந்து நின்று, அது போலி என்று சொன்னால் அதற்குப் பெயர் உண்மையா, வயிற்றெரிச்சலா? திங்கட்கிழமை அந்த நாற்பத்தொன்றாவது வரியைப் படித்தபோது முதலில் வந்தது பயம். இரண்டாவதாக ஒன்று வந்தது, மிகச் சின்னதாக. அதைச் சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. சந்தோஷம். இவளுக்கும் இல்லை என்கிற சந்தோஷம். ஒரு கணம்தான், வந்த சுவடு தெரியாமல் போய்விட்டது, ஆனால் வந்தது. அப்படி வந்த மனதை வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு உண்மை பேசுவது? பேசாமல் இருந்தால், நான் பொறாமைக்காரன் இல்லை என்று எனக்காவது நிரூபணம் ஆகும். ஞானதுரை நல்லவன், தங்கையாக நினைத்தவளின் சோற்றில் மண் போடாதவன். ஆகா. எப்படியெல்லாம் ஓடுகிறது பார் புத்தி. திருடன் தன் கையைக் கட்டிக்கொள்வதற்குக்கூடத் திருட்டுக் கயிறுதான் தேடுவான். கைதட்டுகிறார்கள். பேச்சு முடிந்துவிட்டது. நானும் தட்டுகிறேன். நாற்பத்தைந்து நிமிடம் எங்கே போயிற்று, நான் கேட்டது மூன்று வாக்கியம். மணி பன்னிரண்டு ஆகப் போகிறது.

வெளித் தேர்வாளர் கோலப்பன் திருவனந்தபுரத்திலிருந்து வந்திருக்கிறார், வெள்ளைத் தாடி, ஆய்வேட்டில் மஞ்சள் சீட்டுகளாக ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறார். ஒவ்வொரு சீட்டாகப் புரட்டுகிறார். சூரியன் மாதிரி நட்சத்திரங்களில் மற்றவர்கள் சொன்ன எண்ணிக்கையும் உங்கள் எண்ணிக்கையும் ஏன் கொஞ்சம் மாறுகிறது என்கிறார், அவள் சொல்கிறாள். சிவப்பு நட்சத்திரங்களில் பள்ளம் இன்னும் ஆழமாக விழுமே, அதைக் கணக்கில் எடுத்தீர்களா என்கிறார், எடுத்தேன் சார் என்கிறாள், பக்க எண் சொல்கிறாள். ஒவ்வொரு சீட்டும் போகப் போக எனக்கு மூச்சு இறங்குகிறது, தப்பித்துவிடுவோம் போலிருக்கிறது, இன்னும் இரண்டு சீட்டு. "செரிம்மா. இந்த நாலாவது வரிசை. ஒண்ணே ஒண்ணு. இதுலதான் எல்லாம் நிக்கு." கண்ணாடியைக் கழற்றுகிறார். "நீங்க நட்டு வச்ச போலியெல்லாம் எடுத்தாச்சு இல்லியா? ஒண்ணு ரெண்டு தங்கிப்போகல்லியே?" இந்தக் கேள்விக்கு எழுதிப் பழகிய பதில் ஒன்று அவளிடம் இருக்கிறது, நானே திருத்திக் கொடுத்தது, மூன்று வரி. அதைச் சொல்லவில்லை. மேஜையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் தொட்டு, எடுக்காமல் விட்டாள். "சார், அந்த லிஸ்ட் எங்கிட்ட இருக்கக் கூடாதுங்கிறதுதான் முறை. அத வச்சிருந்தது ஞானதுரை சார். அவங்க இங்கதான் இருக்காங்க. அவங்களே சொல்லட்டும் சார்." கூட்டம் முழுவதும் திரும்பியது. சட்டைக் காலர் பையன் திரும்பினான், அவனுக்கு மீசை இப்போதுதான் அரும்பியிருக்கிறது. குருவம்மாள் முழு உடம்பையும் திருப்பிக்கொண்டு, தெரிந்த முகத்தைப் பார்த்த சந்தோஷத்தில் சிரித்தாள். தணிகாசலம் சார் "எந்திரிச்சுச் சொல்லு துரை, கூச்சப்படாத" என்றார். எழுந்தேன். நாற்காலி பின்பக்கம் மடங்கி டப்பென்று அடித்தது. சொல்லிவிடு, இதோ, கேள்வியே வந்து வாசலில் நிற்கிறது, நீயாகப் போகவில்லை, கேட்டார்கள், கேட்டதற்குப் பதில் சொன்னாய், பொறாமை என்று எவன் சொல்வான். ஒன்று தங்கிவிட்டது சார், தப்பு என்னுடையது, அவளுடையது இல்லை. இவ்வளவுதான். ஆறேழு வார்த்தை. அந்த அம்மாளின் சிரிப்பு. தீக்குச்சி அடுக்கிய விரல்கள், நுனியெல்லாம் தோல் தடித்து, காலையில் என் கையைப் பிடித்த விரல்கள். வெளியே யாரோ பாத்திரத்தை நகர்த்துகிறார்கள். என் புதுப்பிப்புக் கடிதம் அடுத்த மாதம். ஏப்ரல். போலந்துப் பெண். "எடுத்தாச்சு சார்," என்றது என் வாய். "எத்தன?" என்றார் கோலப்பன், சும்மா, ஒரு மரியாதைக்கு. "நாப்பது சார். நாப்பதும் எடுத்தாச்சு." "செரி, ரொம்ப சந்தோஷம்," என்று கடைசிச் சீட்டைக் கிழித்துப் போட்டார். நான் உட்கார்ந்தேன். மேடையைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நன்றியாக இருக்கும் என்று நினைத்துத் தலையாட்டினேன். அவள் ஆட்டவில்லை.

பொதுவில் யாருக்காவது கேள்வி உண்டா என்றார்கள், ஏற்கெனவே சொல்லி வைத்திருந்த ஒரு ஜூனியர் எழுந்து சொல்லி வைத்த கேள்வியைக் கேட்டான். தேர்வாளரும் கைடும் ஐந்து நிமிடம் தனி அறைக்குப் போய் வந்தார்கள். பரிந்துரைக்கப்படுகிறது என்று வாசித்தார் தணிகாசலம் சார், குரல் உடைந்தது அவருக்கு. பொன்னாடை, பூங்கொத்து, மறுபடி கைதட்டு. குருவம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்து எல்லோருக்கும் கும்பிடு போட்டாள், எம்.எஸ்ஸி. பிள்ளைகளுக்குக்கூட. வராந்தாவில் நெரிசல். எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்தது, அதுதான் இன்னும் கேவலம். முடிந்துவிட்டது, இனி ஏப்ரல்தான், ஏப்ரலுக்கு எத்தனையோ நாள் இருக்கிறது என்று வயிறு தானாகத் தளர்ந்து பசிக்கத் தொடங்கிவிட்டது. கேசரித் தட்டோடு தூண் ஓரமாக நின்றிருந்தேன். செண்பகவல்லி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். தோளில் பொன்னாடை, நெற்றியில் யாரோ வைத்த சந்தனம். "வாழ்த்துகள் டாக்டர்," என்றேன். இப்படித்தானே சொல்ல வேண்டும். அவள் பக்கத்தில் வந்து, வேறே எங்கோ பார்ப்பது போல் நின்று, மெதுவாகச் சொன்னாள். "அது நீங்க நட்டதுதானண்ணே." தட்டைக் கீழே போடாமல் பிடித்துக்கொண்டேன். "போன மாசம் மூலப் படத்தெல்லாம் எடுத்து அளந்து பாத்தேன். நேராப் போகுது. ஒங்ககிட்ட கேக்கலாம்னு நெதமும் வந்தேன், நீங்க என் ஸ்லைடுக்குக் கலர் பாத்துக்கிட்டு இருந்தீங்க. நானாச் சொல்ல வாய் வரல. அம்மா வேற எல்லாருகிட்டயும் சொல்லிட்டா." தொண்டையைச் செருமிக்கொண்டாள். "அதான் ஒங்க பக்கம் திருப்பிவிட்டேன். நீங்க எந்திரிச்சதும் எனக்கு அப்பாடான்னு இருந்துச்சுண்ணே. போனாப் போகுது, சொல்லிருவாரு, முடிஞ்சுதுன்னு இருந்துச்சு." நான் வாயைத் திறந்தேன். எனக்கு இன்றைக்கு எத்தனை தடவை வாய் திறந்தது, ஒரு தடவை கூட அது என்னுடையதாக இல்லை. எனக்கும் திங்கட்கிழமைதான் தெரியும் என்று சொல்லலாம். இப்போதே இரண்டு பேரும் போய்ச் சொல்லலாம், கோலப்பன் இன்னும் டீ குடித்துக்கொண்டுதான் இருக்கிறார், பத்தடி தூரம். ஆனால் அவரும் அவளும் நானும் கையெழுத்துப் போட்ட காகிதங்கள் அறைக்குள் மேஜையில் கிடக்கின்றன. அவளும் அந்தப் பத்தடியைப் பார்த்தாள். நான் பார்ப்பதையும் பார்த்தாள். இருவரும் நகரவில்லை. "ஏத்தா, போட்டோவுக்கு வா, எல்லாரும் நிக்காக," என்று குருவம்மாள் கூப்பிட்டாள், "அந்தத் தம்பியையும் கூட்டிட்டு வா." செண்பகவல்லி பொன்னாடையைச் சரி செய்துகொண்டு போனாள். வரிசையில் நடுவில் நின்றாள். பக்கத்தில் எனக்கு ஒரு ஆள் இடம் விட்டு நின்றாள்.